அரோவானா ஒரு சிற்றினமா, நான்கா? நன்னீர் மீன்களின் எல்லையும் மரபணுச் சான்றும்

சுபாங் ஜெயாவின் பண்டார் சன்வேயிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஆசிய அரோவானாவின் முழு மரபணுத்தொகையை வெளியிட்டனர். மறு ஆண்டே வேறொரு குழு பொன், சிவப்பு, பச்சை என மூன்று நிற வகைகளின் மரபணுத்தொகைகளைத் தந்தது. ஆயினும் மலாய்க்காரர்கள் கெலிசா என்றழைக்கும் இம்மீன் ஒரே சிற்றினமா, நான்கா என்ற பழைய வழக்கை மரபணுத்தொகை தானாகத் தீர்த்துவிடவில்லை.

அந்த வழக்கைத் தொடங்கியவர்கள் புயோ, சுதார்த்தோ, தோகெல்ஸ் ஆகிய மூவர். 2003இல் அவர்கள் உடல் அளவுகளையும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவையும் சான்றாக்கி, ஸ்க்ளெரோபேஜஸ் ஃபார்மோசஸ் என்ற ஒன்றிலிருந்து மூன்று புதிய சிற்றினங்களைப் பிரித்தனர். போர்னியோவின் கப்புவாஸ் ஆற்றுச் சிவப்பு மீனும் அவற்றுள் ஒன்று. 2005இல் கோட்டெலாட்டும் விட்ஜனார்த்தியும் இப்பிரிவினையை ஏற்க மறுத்தனர். மறுப்பே சரி என்பது என் முடிவு.

காரணம் மீனின் வாழ்முறையிலேயே இருக்கிறது. ஆண் அரோவானா முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்தே வளர்க்கும். ஓர் ஈட்டில் சில பத்துக் குஞ்சுகளே தேறும். இப்படிச் சிறு கூட்டமாக ஓர் ஆற்றுக்குள்ளேயே வாழும் மீனில், தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்ட்ரியா வரிசைகள் தற்செயலாகவே விரைவில் வேறுபட்டுப்போகும். பனியுகத்தில் கடல் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது சுண்டாத் திட்டின் ஆறுகள் பல ஒன்றாக ஓடின. கடல் ஏறியதும் பிரிந்தன. அந்தப் பிரிவின் வரலாற்றைத்தான் இவ்வேறுபாடு காட்டுகிறது. புதிய சிற்றினம் தோன்றியதை அல்ல. தாய், தந்தை இருவழியும் வரும் உட்கரு மரபணுக்களும் அதே கோட்டில் பிரிந்து நின்றால்தான் சிற்றின வாதம் வலுப்பெறும். அதற்கான மாதிரி, பிடித்த ஆறு தெரிந்த காட்டு மீனாக இருக்க வேண்டும். தலைமுறைகளாக நிறத்துக்காகத் தெரிந்தெடுத்தும் கலந்தும் வளர்த்த பண்ணை மீனிடம் இயற்கை எல்லையைத் தேட முடியாது.

மரபணுச் சான்றே பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. காவிரியின் பெரிய திமில் மகசீர் மீன் நெடுங்காலம் உரிய அறிவியல் பெயரின்றி இருந்தது. தமிழ்நாட்டின் மோயாற்றில் கிடைத்த மீன்களின் மரபணுவையும் உருவத்தையும் ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, அது 2007இல் சிறு மீன்களைக் கொண்டு விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவியே என்று நிறுவியது. 2018இலேயே அது மிக அருகிய இனமாகச் செம்பட்டியலில் சேர்ந்தது. அங்கே மரபணுவும் உருவமும் வாழிடமும் ஒரே திசையில் நின்றன. அரோவானாவில் அந்த ஒருமை இல்லை.

ஒரே சிற்றினம் என்பது, எந்த மீனை எங்கே விட்டாலும் சரி என்பதற்கான அனுமதி அல்ல. அரோவானா 1975 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், பன்னாட்டு வணிகத்துக்குச் செல்லும் பண்ணை மீனுக்கு மைக்ரோசிப்பும் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் சட்டத்துக்குப் போதும், மீள்குடியேற்றத்துக்குப் போதாது. பேராக்கின் புக்கிட் மேரா ஏரியில் மீன்களை மீண்டும் விட முனைபவர்கள், கப்புவாஸ் கலப்பில்லாத உள்ளூர் வழியினவே அவை என்பதை உட்கரு மரபணுச் சோதனையால் உறுதிசெய்து, சிப் எண்ணோடு மூல ஆற்றையும் பதிவுசெய்ய வேண்டும்.