சதானந்த், சுவாமிநாதன் (1900–1953)

பம்பாயிலிருந்து இயங்கிய தமிழ்ப் பத்திரிகையாளர். ஃபிரீ பிரஸ் ஆஃப் இந்தியா செய்தி நிறுவனத்தையும் ஃபிரீ பிரஸ் ஜர்னல் என்ற ஆங்கில நாளிதழையும் நிறுவியவர். பிரிட்டிஷ் அரசு மறைக்க நினைத்ததை வெளியே கொண்டுவருவதையே தொழிலாகக் கொண்டவர்; அதற்காகக் கைப்பொருளை இழந்தவர்.

இதழியல் இவருக்குக் குடும்பச் சொத்து. தந்தை சி. வி. சுவாமிநாத ஐயர், 1892இல் தொடங்கிய 'விவேக சிந்தாமணி' மாத இதழின் ஆசிரியர். பி. ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' அதில்தான் தொடராக வந்தது. தமிழ் நாவலின் தொடக்கக் காலத்தை வளர்த்த வீட்டிலிருந்தே தேசிய இதழியலின் முன்னோடியும் வந்தார் என்பதைப் பம்பாய்ப் பத்திரிகை வரலாறு எழுதியோர் போதிய அளவு கவனிக்கவில்லை.

அக்காலச் செய்தி ஓட்டத்தை அறியாமல் சதானந்தின் பணியை மதிப்பிட முடியாது. வெளியுலகச் செய்தி பிரிட்டிஷ் செய்தி நிறுவனமான ராய்ட்டர் வழியாக வந்தது. உள்நாட்டுச் செய்தியைத் தந்த அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவும் ராய்ட்டரின் பிடிக்குள் போயிற்று. இரண்டும் அரசின் மனம் கோணாமல் நடந்தன. 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின் பஞ்சாபின் நிலையைத் துணிந்து வெளியிட்ட 'பாம்பே கிரானிகிள்' ஆசிரியர் பி. ஜி. ஹார்னிமன் நாடுகடத்தப்பட்டார். அசோசியேட்டட் பிரஸில் பயின்ற சதானந்த், செய்தி அரசுக்கு அடங்கி நடந்த இந்தக் குறையை உள்ளிருந்தே கண்டார். 1920களில் அவர் தொடங்கிய ஃபிரீ பிரஸ், இந்தியர் கையில் இருந்த முதல் தேசியச் செய்தி நிறுவனம். புருஷோத்தம்தாஸ் தாகுர்தாஸ், ஜி. டி. பிர்லா போன்ற பெரும் வணிகர்கள் அதற்குத் துணை நின்றனர். அந்த நிறுவனத்தின் துணையிதழாக 1928இல் ஃபிரீ பிரஸ் ஜர்னல் பிறந்தது.

இத்தகைய பத்திரிகைகளை அடக்க அரசு கையாண்ட ஆயுதம் சிறையைவிடக் கூர்மையானது: ஜாமீன் தொகை. உப்புச் சத்தியாகிரகம் சூடு பிடித்த 1930 ஏப்ரலில் அச்சகங்களை அடக்க அவசரச் சட்டம் வந்தது. 1931இல் பத்திரிகை (அவசர அதிகாரங்கள்) சட்டம் அதை நிலைப்படுத்தியது. அச்சகம் வைத்திருப்பவர் அரசிடம் பணம் கட்ட வேண்டும். அரசுக்குப் பிடிக்காதது அச்சேறினால் பணம் பறிபோகும். மறுபடி நடத்த இன்னும் பெரிய தொகை. அதுவும் போனால் அச்சகமே போகும். வாய்தா, சாட்சி, நீண்ட வழக்கு எதுவும் வேண்டாம். மாகாண அரசின் ஓர் உத்தரவு போதும். சதானந்த் கட்டினார், இழந்தார், மீண்டும் கட்டினார். ஒரு கட்டத்தில் தாங்க முடியவில்லை. செய்தி நிறுவனம் 1935இல் நின்றது. நிர்வாகத் திறமை போதவில்லை என்று சிலர் குறை சொல்வதுண்டு. உண்மையில் அதை வீழ்த்தியது ஜாமீன் சட்டமே.

தமிழருக்கு அவர் விட்டுச்சென்றது 'தினமணி' நாளிதழ். சென்னையில் வரதராஜுலு நாயுடு தொடங்கிய 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' இதழை வாங்கி நடத்திய சதானந்த், 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியார் நினைவு நாளில், டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 'தினமணி'யைத் தொடங்கினார். இரு இதழ்களும் பின்னர் ராம்நாத் கோயங்கா வசம் சென்றன.

1947 ஆகஸ்டில் சென்னையில் பதிவான பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா செய்தி நிறுவனத்தின் தொடக்க உறுப்பினர் எழுவரில் சதானந்தும் ஒருவர். 'ஆனந்த விகடன்' எஸ். எஸ். வாசன், 'சுதேசமித்திரன்' சி. ஆர். சீனிவாசன் ஆகியோர் அவருடன் கையொப்பமிட்டவர்கள். அந்நியர் கையிலிருந்த செய்திக் கம்பியை இந்தியர் நடத்த வேண்டும் என்று அவர் தொடங்கிய போராட்டம், 1949 பிப்ரவரியில் இந்நிறுவனம் பணியைத் தொடங்கியபோது நிறைவேறியது.

பத்திரிகையாளர் எம். வி. காமத் இதழியலில் நுழைந்தது ஃபிரீ பிரஸ் ஜர்னலில்தான். கேலிச்சித்திர ஓவியர்கள் ஆர். கே. லட்சுமணும் பால் தாக்கரேயும் அங்குப் பணியாற்றியவர்கள்.

சதானந்த் 1953இல் காலமானார். ஃபிரீ பிரஸ் ஜர்னல் இன்றும் வெளிவருகிறது. பம்பாயின் நரிமன் பாயிண்டில் ஒரு சாலைக்கு ஃபிரீ பிரஸ் ஜர்னல் மார்க் என்று பெயர்.