மெழுகிலிருந்து திருகாணிக்கு

லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் கிட்டாரில் அந்த ரேடியோக்காரரின் புத்தி அப்படியே தெரிந்தது. அதுவரை கிட்டாரின் கழுத்தை உடலோடு பசை வைத்து ஒட்டுவதுதான் வழக்கம். ஃபெண்டர் நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். மெட்டு (ஃப்ரெட்) தேய்ந்துவிட்டதா, பழைய கழுத்தைக் கழற்றிவிட்டு, ரேடியோவில் வால்வு மாற்றுவதுபோல் புதியதை மாட்டிக்கொள்ளலாம்.

மறு ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டார், உதிரிபாகம் என்ற தனி வியாபாரத்துக்கே வழி திறந்தது. 1970களில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மட்டும் செய்து விற்கும் கம்பெனிகள், உடலும் கழுத்தும் மட்டும் செய்து விற்கும் பட்டறைகள் எல்லாம் அமெரிக்காவில் கிளம்பின. ராக் கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் அப்படியொரு பட்டறையில் 50 டாலருக்கு ஓர் உடலையும் 80 டாலருக்கு ஒரு கழுத்தையும் வாங்கி, பழைய கிப்சன் கிட்டாரின் பிக்கப்பைப் பிடுங்கி அதில் பொருத்தி, 1978இல் உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தார்.

இந்தக் கதையை அமெரிக்கர்கள் தங்கள் சொத்தாகவே சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும். ஆனால் வாங்கிய கருவியைத் தன் விரலுக்கும் காதுக்கும் ஏற்றபடி திருத்திக்கொள்வது தமிழ்நாட்டில் அதைவிடப் பழைய பழக்கம்.

தஞ்சாவூர் வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரகுநாத நாயக்கர் காலத்தில் அதற்கு 24 மெட்டுகள் நிலைபெற்றன என்பது இசை வரலாறு. அந்த மெட்டுகள் மரத்தில் அடித்து இறுக்கப்பட்டவை அல்ல. தேன்மெழுகோடு கரிப்பொடி கலந்து காய்ச்சி, தண்டியின் இருபுறமும் வரப்புப்போல் அமைத்து, வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதிப்பார்கள். தந்தியை மீட்டிப் பார்த்து, சுருதி ஒரு மயிரிழை ஏறியிருந்தால் மெட்டை அந்த அளவுக்குத் தள்ளுவார்கள். இதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். வெயிலில் மெழுகு இளகும், வாசிக்க வாசிக்க மெட்டு அமுங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். வைணிகரின் காதும் ஆசாரியின் கையும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்த வேலை நடக்கும். கடையில் வாங்கும் நாளிலேயே வீணை முடிந்துவிடுவதில்லை.

மின் கிட்டாரின் தொழில்நுட்பமும் இந்தப் பழக்கமும் சென்னையில் சந்தித்த இடம் மாண்டலின். ஆந்திராவின் பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ், ஒன்பது வயதில் குடிவாடாவில் முதல் கச்சேரி செய்தவர். 1981இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையில் ஏறினார். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் பிடிப்பான். பாட்டைத் தந்தியில் பிடிப்பதென்றால் கமகம் வேண்டும், அதாவது சுரத்தை அசைத்து வளைக்க வேண்டும். சாதாரண மாண்டலினில் அதற்கு இரண்டு தடைகள்.

முதலாவது, ஓசை நிற்காது. மீட்டிய கணத்திலேயே செத்துவிடும். அதனால்தான் மேற்கத்திய வாசிப்பில் ஒரே சுரத்தை விடாமல் தட்டித் தட்டி நீட்டுகிறார்கள். இரண்டாவது, எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாக இருக்கும். ஓர் இணையைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு ஏறாது, சுரம் பிசிறும். ஸ்ரீனிவாஸ் மின் மாண்டலினுக்கு மாறி, இணைகளை எடுத்துவிட்டு ஒற்றைத் தந்திகளைப் போட்டார். பிக்கப்பும் பெருக்கியும் ஓசையைத் தாங்கிப் பிடித்தன. ஒற்றைத் தந்தி இழுத்த இழுப்புக்கு வந்தது. பிறகு கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி ஒன்றையும் சேர்த்தார். ஃபெண்டர் கம்பெனியே 1956இல் நான்கு ஒற்றைத் தந்திகளோடு ஒரு மின் மாண்டலின் விற்றதுண்டு. அங்கே அது ஓரத்துக் கருவியாகவே இருந்தது. இங்கே அதே யோசனை சபாக்களில் முழுநீளக் கச்சேரி செய்தது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒருவர் பயணம் செய்தார். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் மெட்டுகளுக்கு நடுவே விரல் மரத்தைத் தொடுவதில்லை. இழுப்பதற்குத் தாராளமாக இடமுண்டு. கிட்டாரில் விரல் பலகையில் முட்டி நிற்கும். விக்கு விநாயக்ராமும் எல். சங்கரும் ஜாகிர் ஹுசேனும் இருந்த ‘சக்தி’ குழுவுக்காக, கிப்சனின் ஏப் வெக்டர் அவருக்கு ஒரு தனிக் கிட்டார் செய்துகொடுத்தார். மெட்டுகளுக்கு நடுவே பலகையைக் குழித்துச் சுரண்டி, கூடவே அதிர்ந்து ஒலிக்க ஏழு தந்திகளைக் குறுக்கே ஓடவிட்ட கருவி அது. 1990களின் கடைசியில் ‘ரிமெம்பர் சக்தி’ மேடையில் ஸ்ரீனிவாஸும் மெக்லாக்லினும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருவர் கிட்டாரின் மின்சாரத்தைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர், மற்றவர் வீணையின் பள்ளத்தைக் கிட்டாருக்குக் கொண்டுபோனவர்.

பெங்களூரு ரேடல் நிறுவனத்தின் ஜி. ராஜ் நாராயண் செய்த மின்னணு வீணையில் வட்டம் முழுமை பெற்றது. எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டியால் பெயர் பெற்ற அவர், வீணையில் காந்தப் பிக்கப் வைத்தார், குடத்தைக் கழற்றக்கூடியதாக்கினார், மெழுகை அடியோடு எடுத்துவிட்டு, வாசிப்பவரே திருப்பிச் சரிசெய்யும் திருகாணிகளில் மெட்டுகளை நிறுத்தினார். பழைய மேளத்தின் குழைவு இதில் இல்லை என்று குறைசொல்லும் வைணிகர்கள் உண்டு. விமானத்தில் வீணையோடு போய்வந்தவர்கள் அதிகம் குறைசொல்வதில்லை.

பாகங்களின் பயணத்தில் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பங்கும் இருக்கிறது: மரம். தோதகத்தி, ஈட்டி என்றெல்லாம் அழைக்கப்படும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம்தான் உலகக் கிட்டார்கள் பலவற்றின் விரல்பலகை. பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. இந்தியாவிலிருந்து போன விரல்பலகைக் கட்டைகள் முழுதாகச் செய்து முடிக்கப்பட்டவையா, அரைகுறை மரமா என்ற சட்டக் கேள்வியில், 2011 ஆகஸ்டில் கிப்சன் தொழிற்சாலைக்குள் அமெரிக்க அதிகாரிகள் நுழைந்தார்கள். தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டியைக்கூட அனுமதியின்றி வெட்டக் கூடாது என்றது. வீட்டில் கிட்டார் செய்ய நினைப்பவர் ஈட்டிப் பலகைக்கு ரசீது கேட்டு வாங்குவது நல்லது.

மற்ற பாகங்களுக்கு வருவோம். சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்தின் பெயரே மூர் மார்க்கெட் வளாகம். 1985 மே மாதம் தீயில் அழிந்த அந்தச் சந்தை, பழைய புத்தகமும் இசைத்தட்டும் கழித்துப்போட்ட இயந்திரச் சாமானும் கிடைத்த இடம். வெளிநாட்டுச் சரக்குக்கு, 1969இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக அமைந்த பர்மா பஜார். புதுக் கருவி வேண்டுமென்றால் அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல். 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கிய கடை. 1991க்கு முன் இறக்குமதி உரிமமும் சுங்கமும் கழுத்தை நெரித்த காலத்தில், நல்ல வெளிநாட்டுக் கிட்டார் பெரும்பாலோருக்குக் கடைக்கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்தது.

இன்று கழுத்து, உடல், பிக்கப் எல்லாம் இணையத்தில் வீட்டுக்கே வருகின்றன. வயரிங் சாமான் மட்டும் சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரத்தில், ரிச்சி தெருவில்: வால்யூம் கன்ட்ரோல் இரண்டு, கெபாசிட்டர் ஒன்று, கால் இஞ்சு மோனோ சாக்கெட், ஈயம். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250கே கன்ட்ரோல், இரட்டைச் சுருளுக்கு 500கே கேளுங்கள். ரேடியோவுக்கான 10கே போட்டால் ஓசை போர்வைக்குள் புகுந்துகொள்ளும். பிரிட்ஜிலிருந்து எர்த் ஒயரை மறக்காமல் ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். அது விட்டுப்போனால் பெருக்கி ‘உர்ர்’ என்று இரைந்துகொண்டே இருக்கும். போகிற நாள் ஞாயிறாக இருக்க வேண்டாம். அன்று ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் திறப்பதில்லை.