டொக்டர் மாறினால் என்ன?

1966 ஒக்டோபர் 29. பிபிசியின் ‘டொக்டர் ஹூ’ தொடரில், காலப்பயணியாக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு சரியில்லை. கதையில் அவர் விழுந்தார்; அந்த இடத்திலேயே பற்றிக் ட்ரவுட்டனின் முகம் வந்தது. ஆள் மாற்றத்தையே கதையாக்கித் தொடரைக் காப்பாற்றிவிட்டார்கள்.

2017இல் 13ஆவது டொக்டராக ஜோடி விட்டேக்கர் என்ற பெண்ணை அறிவித்ததும், 12 ஆண்களை ஏற்ற இரசிகர்களில் ஒரு பகுதி கொதித்தது.

வண்ணாத்திவில்லில் இருந்து பார்க்கிற எங்களுக்கு இது விளங்கவில்லை. யாழ்ப்பாணத்துக் காத்தவராயன் கூத்தில் ஒரே இரவில் காத்தான் வேஷத்துக்கே இரண்டு மூன்று பேர் மாறி மாறி வருவார்கள். தாய் மாரியம்மனாக ஆடினதும் ஆம்பிளைதான். சனம் விடியும்வரை இருந்து பார்த்தது.

ஆம்பிளை அம்மனாகலாம், பொம்பிளை டொக்டராகக் கூடாதா? அப்ப, கோபம் ஆள் மாறினதுக்கு இல்லை. வந்தது யார் என்பதுக்குத்தான்.