நாஷ்வில்லிலிருந்து புறப்பட்ட ஒன்பது பேர்

1871-இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் இருந்த ஃபிஸ்க் கல்விக்கூடம் இழுத்து மூடப்படும் நிலைக்கு வந்திருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் எழுதப் படிக்கக் கற்பதற்காக, உள்நாட்டுப் போர் முடிந்த சில மாதங்களில், 1866 ஜனவரியில் தொடங்கிய பள்ளி அது. பழைய ராணுவ மருத்துவமனைக் கொட்டகைகளே வகுப்பறைகள். அடிமைக் கிடங்கில் கிடந்த துருப்பிடித்த கைவிலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அந்தக் காசில் அரிச்சுவடி வாங்கினார்கள் என்பது அந்தப் பள்ளியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஐந்தே ஆண்டுகளில் கொட்டகைகள் இற்றுப்போயின. கடன் கழுத்தை நெரித்தது.

கணக்கு வழக்கையும் கவனித்துக்கொண்டு பாட்டும் சொல்லிக்கொடுத்த ஜார்ஜ் ஒயிட் ஒரு வழி சொன்னார். மாணவர்களை வடக்கு மாநிலங்களுக்கு அழைத்துப் போய்க் கச்சேரி நடத்திப் பணம் திரட்டலாம் என்றார். பலருக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் அக்டோபர் 6 அன்று ஒன்பது மாணவ மாணவியரோடு அவர் புறப்பட்டுவிட்டார். அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பியானோ வாசித்த எலா ஷெப்பர்டை, அவர் சிறு குழந்தையாக இருந்தபோது, தந்தை 350 டாலர் கொடுத்து மீட்டிருந்தார்.

தொடக்கம் கடுமையாக இருந்தது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்யும் வெள்ளையர்களின் கூத்துதான் அன்றைய மேடைகளில் கொடிகட்டிப் பறந்தது. இவர்களும் அப்படி ஏதோ செய்வார்கள் என்று வந்தவர்கள் உண்டு. விடுதிகள் இடம் தர மறுத்தன. சின்சினாட்டியில் கிடைத்த சொற்பத் தொகையையும், அந்த வாரம் தீயில் வெந்த சிகாகோ நகரத்தாருக்கு அப்படியே கொடுத்துவிட்டார்கள். தங்களுக்கே அடுத்த வேளைக்கு வழி தெரியாதபோது கொடுத்த பணம் அது.

மேடையில் அவர்கள் முதலில் பாடியவை பெரும்பாலும் ஐரோப்பிய மரபுப் பாடல்கள். பெற்றோர் தோட்டங்களில் வியர்வை சிந்தியபடியும் இரவில் மறைவாகக் கூடியும் பாடிய பக்திப் பாடல்களை அந்நியர் முன் பாட அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அவை புனிதமானவை, அடிமை நாளின் வலியோடு பிணைந்தவை. நவம்பரில் ஓபர்லினில் கூடிய திருச்சபை மாநாட்டில் அந்தப் பாடல்களில் ஒன்றைப் பாடியதும் சபை நெகிழ்ந்துபோனது. கேட்கிறதோ இல்லையோ என்னும் அளவு மெல்லத் தொடங்கி, எல்லாக் குரலும் ஒரே மூச்சாக எழும்ப வேண்டும் என்று ஒயிட் பயிற்சி கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பாடல்களே கச்சேரியின் உயிராயின. அடிமைகள் விடுதலை பெறும் யூபிலி ஆண்டைப் பற்றிய விவிலியப் பகுதியை நினைத்து, குழுவுக்கு ‘யூபிலி பாடகர்கள்’ என்று பெயர் வைத்தார் ஒயிட். 1872-இல் வெள்ளை மாளிகையில் அதிபர் கிராண்ட் முன்னிலையில் பாடினார்கள். முதல் பயணத்தில் திரண்ட 20,000 டாலரில் கல்லூரிக்குப் புது நிலம் வாங்கப்பட்டது.

1873-இல் கடல் கடக்க முடிவெடுத்தபோது, கப்பல் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிரித்தன. ஒருவழியாக குனார்ட் நிறுவனத்தின் ‘படேவியா’ கப்பலில் இடம் கிடைத்தது. சமூகச் சீர்திருத்தவாதி ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் ஆதரவில் மே 6 அன்று லண்டனில் முதல் கச்சேரி. மறுநாளே விக்டோரியா மகாராணி முன் பாடினார்கள். பிரதமர் கிளாட்ஸ்டன் வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். தாய்நாட்டில் விடுதி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம்! அந்தப் பயணம் ஏறத்தாழ 50,000 டாலரை ஈட்டித் தந்தது. அதைக் கொண்டு எழுந்த யூபிலி மண்டபம் 1876 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புமாக நிமிர்ந்து நிற்கும் அந்தக் கட்டடம் இன்றும் மாணவர் விடுதி.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பாதிதான். குளிரிலும் மழையிலும் ஊர் ஊராக ஓயாத கச்சேரிகள். தொண்டை கட்டியது, காசநோய் தாக்கியது, ஒயிட்டின் உடல்நிலையும் குலைந்தது. கல்லூரியைக் காப்பாற்றக் கிளம்பிய மாணவர்களில் பெரும்பாலோர் அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற முடியாமலே போனது. இது அவர்களுக்கு நேர்ந்த அநீதி என்றே சொல்ல வேண்டும்.

நெதர்லாந்து, ஜெர்மனி என நீண்ட அடுத்த பயணத்தின் முடிவில், 1878-இல் குழு கலைந்தது. ஐசக் டிக்கர்சன் முன்பே பிரிந்து எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து இங்கிலாந்திலேயே சமயப் பணியாற்றினார். தாமஸ் ரட்லிங்கும் அங்கேயே தங்கிப் பாடகராக வாழ்ந்தார். 1875-இல் சேர்ந்த ஃபிரெடரிக் லவுடின் பின்னர் யூபிலி பெயரிலேயே ஒரு குழுவை நடத்தினார். 1884 முதல் ஆறு ஆண்டுகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இலங்கை, இந்தியா, ஜப்பான் என்று உலகைச் சுற்றிய அந்தக் குழு, ஆக்ராவில் தாஜ்மகாலுக்குள்ளும் பாடியது. அது கல்லூரியின் குழு அல்ல. எந்த ஊரில் பாடுவது, கூலி எவ்வளவு என்பதையெல்லாம் இப்போது ஒரு கறுப்பினப் பாடகரே முடிவு செய்தார்.