வாடகை வீட்டு மேலாளர்

வாடகை வீட்டு மேலாளர் என்பவர், வீட்டு உரிமையாளரின் சார்பில் வாடகை வீட்டைப் பராமரித்து, குடியிருப்போரை அமர்த்தி, வாடகையைப் பெற்று, அவற்றிற்கு உரிமையாளரிடம் கணக்கு ஒப்புவிக்கும் நபர் அல்லது நிறுவனம் ஆவார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இவர் சொத்து மேலாளர் எனக் குறிப்பிடப்படுகிறார். அதிகாரப் பத்திரம் பெற்றுச் செயல்படுபவரைப் பேச்சு வழக்கில் "பவர் ஏஜெண்ட்" என்பர். வீட்டுத் தரகர் இவரினின்று வேறுபட்டவர். தரகரின் வேலை ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பதுடன் முடிகிறது. மேலாளரின் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

உரிமையாளர் வீட்டின் அருகில் வாழாத நிலையிலேயே மேலாளர் பெரும்பாலும் தேவைப்படுகிறார். தாமிரபரணி ஆறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள புன்னக்காயல், அதன் அயலூரான காயல்பட்டினம் போன்ற தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இந்நிலை புதியதன்று. கடல் தொழில், கப்பல் வேலை, வெளிநாட்டு வணிகம் ஆகியவற்றால் ஆண்டில் பல மாதங்கள் ஊரில் இல்லாத குடும்பத் தலைவர்கள் இங்கு உண்டு. இத்தகையோர் ஊரிலோ தூத்துக்குடி, திருநெல்வேலி நகரங்களிலோ கட்டிய வீட்டை வாடகைக்கு விடும்போது, யாரை நம்பி விடுவது என்பதே முதல் கேள்வியாகிறது. எனினும் ஆளைத் தேடுவதற்கு முன் எந்த அதிகாரத்தை ஒப்படைப்பது, பணம் எவ்வழியில் செல்வது என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்வதே பாதுகாப்பானது.

வரலாறு

ஊரில் இல்லாத உரிமையாளருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் வீட்டிற்கு முன் நிலத்தில் வேரூன்றியது. கோயில்கள், மடங்கள், வெளியூர் நிலக்கிழார்கள் ஆகியோரின் நிலங்களைக் காரியஸ்தர், கணக்குப்பிள்ளை முதலியோர் கவனித்து, குத்தகை அல்லது வார நெல்லைப் பெற்றுக் கணக்கு எழுதினர். இன்றைய வீட்டு மேலாளர் இம்மரபின் தொடர்ச்சியே எனலாம். அன்று நெல் அளந்தவர், இன்று வாடகையை எண்ணுகிறார்.

தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 பிறர் சார்பில் வாடகை பெறுபவரையும் "நில உரிமையாளர்" என்னும் வரையறைக்குள் சேர்த்தது. ஆயினும் முகவராக மட்டும் வாடகை பெறுபவர், உரிமையாளரின் எழுத்து மூலமான முன் இசைவு இன்றிக் குடியிருப்பவரை வெளியேற்ற மனுச் செய்ய இயலாது எனவும் அது வரம்பிட்டது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2017ஆம் ஆண்டில் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. சொத்து மேலாளர் என்னும் பெயரும் அவருக்குரிய கடமைகளும் இச்சட்டத்தில் இடம்பெற்றன. நடுவண் அரசு 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்திலும் ஏறத்தாழ இவையே காணப்படுகின்றன. மாதிரிச் சட்டம் தானாக எங்கும் நடைமுறைக்கு வராது. மாநிலங்கள் ஏற்றால்தான் உண்டு.

சட்டப்படியான பணிகள்

மேலே கூறிய சட்டங்களின் நோக்கில் மேலாளரின் பணிகள், பற்றுச்சீட்டுக் கொடுத்து வாடகை பெறுதல், உரிமையாளர் சார்பில் இன்றியமையாத பழுதுகளைச் சரி செய்தல், வீட்டை அவ்வப்போது பார்வையிடுதல், வாடகைத் தாமதம், வாடகை உயர்வு, வீட்டைக் காலி செய்தல் போன்றவை குறித்து அறிவிப்புக் கொடுத்தல், பிணக்குகளைத் தீர்க்க உதவுதல் ஆகியனவாகும். மேலாளரின் பெயர், அவர் உரிமையாளரால் அமர்த்தப்பட்டவர் என்பதற்கான சான்று, எவ்வெப் பணிகளுக்கு, எவ்வளவு காலத்திற்கு என்ற விவரம் ஆகியவற்றை வாடகைதாரருக்கு அறிவிக்குமாறு மாதிரிச் சட்டம் கூறுகிறது. வீட்டிற்குள் நுழைய 24 மணி நேரம் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும். வாடகை பாக்கிக்காகக் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தும் உரிமை உரிமையாளருக்கும் இல்லை, மேலாளருக்கும் இல்லை. "தண்ணீரை அடைத்தால் தானே போய்விடுவார்" என்று சொல்லும் மேலாளரை அமர்த்துபவர், வழக்கையும் சேர்த்தே அமர்த்துகிறார்.

இச்சட்டங்களுக்கு அப்பால், மேலாளர் எங்கிருந்தாலும் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் கண்ணோட்டத்தில் ஒரு முகவரே. அதன் 213ஆம் பிரிவின்படி உரிமையாளர் கேட்கும்போது முகவர் முறையான கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவர். பொதுவாக, தாமே செய்வதாக ஏற்ற பணியை அவர் வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கவும் இயலாது (190ஆம் பிரிவு). இத்தொழிலுக்கெனப் பட்டமோ தேர்வோ கிடையாது. ஆகவே பெயர்ப் பலகையைக் கொண்டு ஒருவரின் தகுதியை அறிய முடியாது.

அதிகாரப் பத்திரம்

வாடகை பெறவும் குழாய் பழுது பார்க்கவும் உரிமையாளர் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதம் ஒன்றே போதும். உரிமையாளருக்காக வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடவோ, சார்பதிவாளர் அல்லது வாடகை அதிகாரி முன் தோன்றவோ வேண்டுமெனில் அதிகாரப் பத்திரம் தேவை. இங்குதான் பலர் தவறுகின்றனர். ஆவண எழுத்தரிடம் உள்ள அச்சு வாசகத்தில் பொது அதிகாரப் பத்திரம் எழுதும்போது விற்கவும், அடமானம் வைக்கவும், பணம் பெறவும் உரிய அதிகாரங்கள் ஒரே மூச்சில் சேர்ந்துவிடுகின்றன. வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ள இவற்றுள் ஒன்றும் தேவையில்லை. செய்யக்கூடியவற்றை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் தனி அதிகாரப் பத்திரமே இதற்குப் பொருத்தமானது. விற்பனை, அடமானம், ஒத்தி ஆகியவற்றிற்கு அதிகாரம் இல்லை என்ற வரியும், பத்திரம் முடிவுறும் நாளும் அதில் இருத்தல் நன்று.

இந்தியாவில் வசிப்பவர், பதிவிற்குரிய ஆவணத்தைத் தம் சார்பில் தாக்கல் செய்யும் அதிகாரத்தைப் பதிவாளர் அல்லது சார்பதிவாளர் முன் எழுதித் தர வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியத் துணைத் தூதரகத்திலோ நோட்டரி முன்போ எழுதலாம் (பதிவுச் சட்டம், 1908, 33ஆம் பிரிவு). அவ்வாறு வந்த பத்திரத்திற்கு அது இந்தியாவை அடைந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். நடுக்கடலில் தூதரகம் இல்லை என்பதால் கப்பல் பணியாளர்கள் ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

அதிகாரப் பத்திரம் உரிமையாளரின் மரணத்துடன் முடிவடைகிறது. தந்தை எழுதிக்கொடுத்த "பவரை" வைத்து, அவர் இறந்த பின்னும் அதே ஆள் பிள்ளைகளுக்காகப் புதிய ஒப்பந்தம் எழுதுவது ஊர்களில் காணப்படுவதே. சட்டத்தில் அதற்கு வலுவில்லை. வாரிசுகள் புதிதாக எழுதித் தர வேண்டும்.

ஒத்தி மோசடி

மாத வாடகைக்கு மாற்றாக, ஒரு பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டு வாடகையின்றி வீட்டை விடுவது தென்மாவட்டங்களில் ஒத்தி எனப்படும். போக்கியம், லீஸ் எனவும் வழங்கும். காலம் முடிந்ததும் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் காவல்துறையிடம் வந்த மோசடிப் புகார்களில் ஒரு முறை திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. மேலாளர் உரிமையாளரிடம் "மாத வாடகைக்கு விட்டுள்ளேன்" எனக் கூறுவார். குடியேறுபவரிடம் சில இலட்சம் ரூபாயை ஒத்தித் தொகையாகப் பெறுவார். அத்தொகையிலிருந்தே மாதாமாதம் "வாடகை" உரிமையாளரின் கணக்கிற்குச் செல்லும். பணம் தீர்ந்ததும் அல்லது மேலாளர் தலைமறைவானதும், ஒருபுறம் வாடகை வராத உரிமையாளரும் மறுபுறம் இலட்சங்களை இழந்த குடும்பமும் எதிரெதிரே நிற்பர்.

இதன் கொடுமை என்னவெனில், வாடகை தவறாமல் வந்துகொண்டிருப்பதே உரிமையாளரை ஐயமின்றி இருக்கச் செய்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்ப்பதும் இதில் உதவாது, ஏனெனில் அது பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். முத்திரைத்தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொண்ட ஒத்திப் பத்திரம் அதில் வராது. பயன் தரும் வழி எளியது. குடியிருப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து வாடகை நேரே உரிமையாளரின் கணக்கிற்கு வர வேண்டும், முன்பணமும் அவ்வாறே. ஒப்பந்தம் கையொப்பமாகும் முன் உரிமையாளர் குடியேறுபவருடன் ஒருமுறையேனும் தொலைபேசியில் பேசி, தொகை எவ்வளவு என்பதை அவர் வாயாலேயே கேட்டறிய வேண்டும். குடியேறுபவருக்கும் இது பொருந்தும். சொத்துவரி ரசீதில் உள்ள பெயருக்குரியவரிடம் பேசாமல், அவர் எழுதித் தந்த அதிகாரத்தைக் காணாமல், மேலாளரின் சொந்தக் கணக்கில் பெருந்தொகை செலுத்துவது கூடாது.

தேர்ந்தெடுத்தல்

சிற்றூர்களில் மேலாண்மை நிறுவனங்கள் இல்லை. உறவினர், ஓய்வுபெற்ற ஆசிரியர், பக்கத்து வீட்டார், கடைக்காரர் ஆகியோரே இப்பணியைச் செய்கின்றனர். உறவினரை அமர்த்துவதில் உள்ள இடர், அவர் நேர்மையற்றவராக இருப்பார் என்பதன்று. அவரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படுவதே இடர். மைத்துனரிடம் ரசீது கேட்கத் தயங்கும் உரிமையாளர், மூன்று ஆண்டுகள் கழித்து மொத்தமாகச் சண்டையிடுகிறார். எனவே உறவினருக்கும் ஒரு சிறு ஊதியத்தை நிர்ணயித்து, முதல் மாதத்திலிருந்தே எழுத்துக் கணக்கு வாங்குவது உறவிற்கும் நல்லது.

நிறுவனத்தை அமர்த்தும்போது, அவர்கள் தற்போது பார்த்துவரும் ஒரு வீட்டின் மாதக் கணக்கைப் பெயரை மறைத்துக் காட்டுமாறு கேட்கலாம். குடியிருந்தவர் வெளியேறிய போது முன்பணத்தில் என்ன பிடித்தம் செய்யப்பட்டது, எந்தச் சான்றின் பேரில் என்று கேட்பது அதைவிடக் கூர்மையான சோதனை. குடியேறும் நாளிலும் வெளியேறும் நாளிலும் சுவர், கதவு, மின் அளவி ஆகியவற்றைப் படமெடுத்து வைப்பவர் இதற்கு உடனே விடை தருவார். தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கீடு இரு மாதங்களுக்கு ஒருமுறை நடைபெற்று வந்த முறையில், இடையில் வெளியேறுபவரின் பயன்பாட்டை அன்றே அளவியில் குறிக்காவிடில், அத்தொகை அடுத்தவர் தலையிலோ உரிமையாளர் தலையிலோ விழும்.

கடலோர வீடுகளுக்கு மற்றொன்றும் உண்டு. உப்புக்காற்றில் சன்னல் கம்பிகளும் கூரைக் கம்பிகளும் விரைவில் துருப்பிடித்துக் காரை பெயரும். இதைக் கண்டறியும் பழக்கமுள்ள உள்ளூர்க் கொத்தனாரையும் மின்பணியாளரையும் பெயர் சொல்லி அறிந்தவரே இங்கு மேலாளராகப் பயன்படுவார்.

ஊதியம்

ஊதியத்தை மாத வாடகையில் ஒரு விழுக்காடாகவோ நிலையான தொகையாகவோ கொடுப்பர். இதனுடன் புதிய குடித்தனக்காரர் வரும்போதெல்லாம் ஒரு மாத வாடகை தருவதாக ஒப்புக்கொண்டால் என்ன நேரும் எனக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். எடுத்துக்காட்டாக, மாத வாடகை 8,000 ரூபாய், ஊதியம் 10 விழுக்காடு எனக் கொண்டால், ஓராண்டு முழுவதும் வீட்டைப் பார்த்துக்கொள்ள மேலாளருக்குக் கிடைப்பது 9,600 ரூபாய். ஒரே ஒருமுறை ஆளை மாற்றினால் கிடைப்பது 8,000 ரூபாய். நல்ல குடித்தனக்காரரைத் தக்கவைப்பதில் இவருக்கு என்ன அக்கறை இருக்கும்? மாற்றத்திற்கான கட்டணத்தைக் குறைத்து, ஒருவரே ஓராண்டிற்கு மேல் தங்கினால் சிறிது கூடுதலாகத் தருவது மேலான ஏற்பாடு.

இந்திய வருமான வரிச் சட்டத்தில் வீட்டு வாடகை வருமானத்திற்கு 30 விழுக்காடு நிலையான கழிவு உள்ளது. மேலாளரின் ஊதியம் இதனுள் அடக்கம்; தனியே கழிக்க இயலாது. உரிமையாளர் வரி நோக்கில் இந்தியாவில் வசிக்காதவராயின், வாடகையில் வரியைப் பிடித்துச் செலுத்தும் பொறுப்பு வாடகைதாரருடையது என்பதையும் மேலாளர் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

வெள்ளமும் அவசரச் செலவும்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணியில் பெருவெள்ளம் ஏற்பட்டுப் புன்னக்காயல் உள்ளிட்ட ஊர்கள் துண்டிக்கப்பட்டன. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாத இடங்களில் உரிமையாளரிடம் கேட்டுச் செலவு செய்தல் என்ற பேச்சிற்கே இடமில்லை.

இத்தகைய நிலைக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 189ஆம் பிரிவு வழி செய்கிறது. அவசர நேரத்தில், சாதாரண அறிவுள்ள ஒருவர் தம் பொருளைக் காக்கச் செய்யக்கூடியதை உரிமையாளரின் பொருளைக் காக்க முகவரும் செய்யலாம். நீர் இறைத்தல், மின் இணைப்பைத் துண்டித்தல், மோட்டாரைக் கழற்றி மேலே வைத்தல் ஆகியன இதனுள் வரும். வடிந்த பின் தரைக்கு ஓடு மாற்றுவது வராது. ஆகவே, கேட்காமல் செலவிடக்கூடிய உச்சத் தொகையை ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கு மேற்பட்டதற்குப் படமும் ரசீதும் வேண்டும் எனக் குறிப்பது நடைமுறைக்கு ஏற்றது. பேரிடரால் வீடு குடியிருக்கத் தகாததாகிவிட்டால், சரி செய்யும் வரை வாடகை கேட்கக்கூடாது என மாதிரி வாடகைச் சட்டம் கூறுகிறது. வெள்ளம் வடியும் முன்பே வாடகை கேட்டு நிற்கும் மேலாளர் உரிமையாளருக்கு நன்மை செய்தவராகார்.

நீக்குதல்

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நெடுநாள் அதிலேயே தங்கிவிட்டால் வீடு அவருக்குச் சொந்தமாகிவிடும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. காவலர், பணியாளர், பராமரிப்பவர் ஆகியோர் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் அதனால் மட்டும் சொத்தில் உரிமை பெறுவதில்லை என, கோவாவிலுள்ள ஒரு வீடு பற்றிய வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நடைமுறையில் அதிகத் தொல்லை தருவது வேறொன்று. ஒப்பந்தத்தில் மாறாக எழுதியிராவிடில், தமக்குச் சேர வேண்டிய ஊதியமும் செலவும் வரும் வரை உரிமையாளரின் பத்திரங்களையும் பொருட்களையும் தம்மிடமே வைத்துக்கொள்ள முகவருக்கு உரிமை உண்டு (221ஆம் பிரிவு). சாவி, மூல ஒப்பந்தம், வரி ரசீதுகள் ஆகியவற்றை நீக்கப்பட்ட ஏழு நாட்களுக்குள் எந்த நிபந்தனையுமின்றி ஒப்படைப்பார் என்று தொடக்கத்திலேயே எழுதிக்கொள்வது இதனால்தான்.

நீக்கம் வாடகைதாரருக்குத் தெரிய வரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை நடைமுறைக்கு வருகிறது. செய்தி அறியாமல் பழைய மேலாளரிடம் அவர் வாடகை கொடுத்திருந்தால், அதை மீண்டும் அவரிடம் கேட்க முடியாது. எனவே மேலாளருக்கு அனுப்பும் நீக்கக் கடிதத்தின் படியை அதே நாளில் வாடகைதாரருக்கும் அஞ்சலில் அனுப்ப வேண்டும். அதிகாரப் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருப்பின், அதை இரத்து செய்யும் பத்திரத்தையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.