மரவையும் அலுமினியத் தட்டும்

நம் வீடுகளில் அரிசி அரிப்பதற்கென்றே ஒரு சட்டி இருந்தது. உட்புறத்தில் வளையம் வளையமாக வரம்பு கட்டிய அம்மண்கலத்தை அரிக்கன்சட்டி என்பர். அரிசியை நீருடன் ஆட்டி ஊற்றும்போது எடை மிகுந்த கல் வரம்பிலே தங்கும்; அரிசி நீரோடு அடுத்த பாத்திரத்திற்குச் செல்லும். தங்குவதை எறிந்து செல்வதைக் கொள்வது அடுக்களையின் முறை. செல்வதை விடுத்துத் தங்குவதைக் கொண்டால், அதுவே ஆற்றில் பொன் எடுப்போரின் முறை. இரண்டிற்கும் தமிழில் சொல் ஒன்றே: அரித்தல். பொற்கொல்லர் பட்டறையின் குப்பையையும் சாம்பலையும் கழுவிப் பொன் துகள் எடுத்துப் பிழைத்தவனுக்கு அரிப்புக்காரன் என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இங்கேனும் புதுச்சொல் புனைய வேண்டியதில்லை என்பதில் சிறிது நிம்மதிதான்.

திருவனந்தபுரத்தில் பொன்னை நகைக்கடையிலும் கோயிலிலும் காணலாம். ஆற்று மணலில் காண வேண்டுமாயின் வடக்கே, இன்றைய மலப்புரம் மாவட்டத்து நிலம்பூருக்குச் செல்ல வேண்டும். சாலியாறும் அதன் கிளைகளும் நீலகிரிச் சரிவிலிருந்தும் வயநாட்டுச் சரிவிலிருந்தும் பொன் துகளைக் கொணர்கின்றன. 1800, 1801-ஆம் ஆண்டுகளில் மலபாரைச் சுற்றிப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், நிலம்பூர் ஆற்றில் பொன் அரிக்கும் தனியுரிமை ஒரு நாயரிடம் இருந்ததையும், அதற்காக அவர் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்தி வந்ததையும் எழுதி வைத்தார். உரிமை ஒருவருடையது, இடுப்பளவு நீரில் நின்ற உழைப்போ வேறொருவருடையது. அம்மலைநாட்டில் பொன் அரித்த குறும்பரும் பணியரும் பெரும்பாலும் நிலவுடைமையாளருக்கு அடிமைப்பட்டிருந்தவர்கள். அடிமை முறையைச் சட்டம் ஏற்காதென விதித்த ஆணை 1843-இல்தான் பிறந்தது.

அவர்கள் கையிலிருந்த கருவி மரத்தைக் குடைந்து செய்த ஆழமற்ற தட்டு. மலையாளத்தில் அது மரவி. நம் மொழியில் மரவை. அதைச் செய்யக் காசு வேண்டுவதில்லை. பொன்னின் எடை, அதே அளவு நீரின் எடையைப் போல 19 மடங்குக்கு மேல். வெண்மணலின் எடையோ இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இவ்வேறுபாட்டைக் கையசைவால் பயன்படுத்திக் கொள்வதே தொழில் முழுவதும்.

பின்னர் அம்மலைக்கு மூலதனம் வந்தது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியாவின் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரஃப் ஸ்மித் என்பாரை இந்திய அரசாங்கம் 1879-இல் வயநாட்டிற்கு வரவழைத்தது. அவருடைய அறிக்கை வெளிவந்த 1880-ஐ ஒட்டி, முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் லண்டனில் பங்கு திரட்டின. பழைய காப்பித் தோட்டங்கள் பொன் நிலம் என்ற பெயரில் கொள்ளை விலைக்குக் கைமாறின. தேவாலாவிலும் பந்தலூரிலும் பாறை பொடிக்கும் இயந்திரங்கள் ஏறின. பாறையில் பொன் இல்லாமலில்லை. செலவுக்கு ஈடாகத்தான் இல்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் கலைந்தன. இயந்திரங்கள் காட்டில் துருவேறிக் கிடந்தன. மரவைக்காரனோ தன் வேலையைத் தொடர்ந்தான். அவனுக்கு வட்டி கட்ட வேண்டிய கடனும் இல்லை, பங்குதாரரும் இல்லை.

எல்லா இடத்திலும் சிறு கருவியே வென்றதென்று கூற நாம் வரவில்லை. கோலார் தங்கவயலில் நடந்தது வேறு. அங்கும் 1802-இல் வாரன் என்னும் இராணுவ அதிகாரி கண்டது, கிராம மக்கள் மண்ணைக் கழுவிப் பொன் எடுத்ததைத்தான். ஆயினும் அங்கே பொன் ஆழ்பாறையில் செறிந்திருந்தமையின், 1880-இல் வந்த ஜான் டெய்லர் கம்பெனியாரின் இயந்திரங்கள் பயன் தந்தன. நம் வட ஆர்க்காட்டு மக்கள் திரள் திரளாகச் சென்று அச்சுரங்கங்களில் உழைத்ததும், 2001-இல் அவை மூடப்பட்டதும் வெளிமாநிலத் தமிழர் நன்கறிந்த வரலாறு.

மரவையின் இடத்தை எடுத்துக்கொள்ளத் தக்க உலோகம் நம் நாட்டிற்கு வந்ததும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் சென்னைக் கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி வைத்தார். 1943-இல் ஆலுவாவுக்கு அருகே அலுமினிய உருக்காலை ஏற்பட்டது. திவான் ராஜா கேசவதாசர் அமைத்த சாலைக் கடைவீதியில் நுழைபவர், அகன்ற அலுமினியத் தட்டொன்றைச் சிறுதொகைக்கு வாங்கிவிடலாம். புதுத்தட்டின் எண்ணெய்ப் பசையைச் சவர்க்காரமிட்டு நன்கு போக்கவேண்டும். இல்லையெனில் நுண்பொன் பசையில் ஒட்டிக்கொண்டு நீரின்மேல் மிதந்து போய்விடும்.

தட்டினும் மிகுதியாக மண் கழுவ, வாய்க்கால் போன்ற தொட்டி வேண்டும். கையழுத்தத்திற்கு வளையாத கனமுள்ள தகட்டை இருபுறமும் மடித்துச் சுவராக்குவர். உள்ளே குறுக்காகப் பட்டைகளை வரிசையாகப் பொருத்துவர். அரிக்கன்சட்டியின் வரம்புகள் செய்யும் வேலையே இவற்றின் வேலை. பட்டைகளுக்கு அடியில் சாக்குத்துணி விரித்தால் நுண்துகள் அதன் இழைகளில் தங்கும். பண்டைக் கிரேக்கர் கதை கட்டிய பொன் ஆட்டுத்தோலும், கொல்கிஸ் நாட்டார் ஆற்றில் விரித்த தோலின் நினைவே என்று ஸ்திராபோ எழுதினார். தொட்டியை அடிக்கு ஓர் அங்குலம் சரிவாக நிறுத்துவது வழக்கம். ஈயப்பற்று அலுமினியத்தில் எளிதில் பிடிக்காது. அதன் மேற்பரப்பில் நொடியில் படியும் ஆக்சைடுப் படலம் தடுக்கும். ஆதலின் துளையிட்டு ரிவெட்டு ஆணி அறைவதே சிக்கனம்.

அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. எனவே தட்டின் அடியில் காந்தத்தை நகர்த்தினால், பொன்னோடு தங்கிய கருமணலில் காந்த இரும்புத் துகள்கள் ஒருபுறம் ஒதுங்கும். ஆனால் பாதரசத்தை அலுமினியத்தின் அருகிலும் கொண்டுவரலாகாது. பொன்னைத் திரட்டப் பாதரசம் சேர்க்கும் பழக்கம் பழமையானது. அது அலுமினியத்தின் காப்புப் படலத்தை ஊடுருவித் தகட்டையே பொடிப்பொடியாக்கிவிடும். அதைச் சூடாக்கும்போது எழும் ஆவியோ மூச்சோடு உட்புகுந்து நரம்பைக் கெடுக்கும். பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கையை 2018-இல் இந்தியா ஏற்றது. தகடு கெடுமே என்று பாதரசத்தை விலக்குவோர், தம்மை அறியாமலே உடலையும் காத்துக்கொள்கிறார்கள்.

நிலம்பூரில் மரவையை மட்டுமே நம்பிய காலம் போயிற்று. ஆற்றங்கரையில் மோட்டாரும் குழாயும் வைத்து மண்ணை வாரிக் கழுவியோர் மீது அண்மை ஆண்டுகளில் வழக்குகள் தொடுக்கப்பட்டுள்ளன. அனுமதியின்றி ஆற்றிலோ வனத்திலோ கனிமம் எடுப்பது குற்றம். மரவை ஒரு நாளில் கழுவுவது சில கூடை மண். மோட்டார் கரையையே கரைக்கும். டீசலுக்கும் கூலிக்கும் ஈடுகட்ட மேலும் மேலும் மண்ணைப் பெயர்க்க வேண்டிய நிலை அங்கே வந்துவிடுகிறது; தேவாலாவில் இயந்திரம் நிறுத்தியவர்களும் இதே கணக்கைத்தான் போட்டுப் பார்த்தார்கள்.