எக்ஸ்பி போனபோது: பாஸ் லினக்ஸும் பழைய மனுக்களும்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து தியாகதுருகத்தில் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, பதினொண்ணு போடலாமா, இல்ல லினக்ஸ் போட்டுப் பார்த்துடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருப்பவர்கள். கோட்டை, ஏரி, பழைய சாலை என்று எழுதுகிற இடத்தில் இது எதுக்கு என்று நினைக்க வேண்டாம். இதுவும் வரலாறுதான். இதே கேள்வி 2014-ல் தமிழ்நாடு அரசுக்கே வந்தது. அரசு அதற்கு எழுத்துப்பூர்வமாகப் பதிலும் சொன்னது. அந்தப் பதிலுக்கு என்ன கதி ஆனது என்று பார்த்தால் இன்றைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கொஞ்சம் பின்னால் போவோம். பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து அதைச் செய்தது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். டெல்லியிலோ பெங்களூரிலோ செய்து நமக்கு அனுப்பியது இல்லை, நம்ம சென்னைச் சரக்கு. 'தரங்' என்று பெயரிட்ட முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. அதே மாதம் 30-ம் தேதி விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தது. விஸ்டாவுக்குக் குறைந்தது 512 எம்பி ராம் வேண்டும். ஒழுங்காக ஓட ஒரு ஜிபி. அப்போது நம்ம பக்கத்துக் கடைகளில் 256 எம்பி இயந்திரங்கள்தான் சர்வசாதாரணம். காகிதத்தில் பார்த்தால் பாஸ் பக்கம்தான் நியாயம் இருந்தது. காசு கிடையாது, பழைய இயந்திரத்தில் ஓடும், தமிழ் யூனிகோட் உள்ளேயே இருக்கும். அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐஏஎஸ், அலுவலகக் கணினிகளையே சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபீஸுக்கும் மாற்றிக் காட்டினார். ஆக, ஆர்வம் இல்லாமல் போகவில்லை.

2011 செப்டம்பர் 15 அன்று இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. திறந்தவுடன் எது வேண்டும் என்று ஒரு கருப்புத் திரை கேட்கும். ஸ்டார்ட்டர் என்பது விண்டோஸ் குடும்பத்தில் கடைக்குட்டி. அதில் டெஸ்க்டாப் படத்தைக்கூட மாற்ற விட மாட்டார்கள்! பாஸில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. இருந்தும் பையன்கள் என்ன செய்தார்கள்? ஹார்ட் டிஸ்கில் இடம் வேண்டும் என்று பாஸ் இருந்த பகுதியை விண்டோஸுக்குள் போய் அழித்தார்கள். தொடங்கும் பட்டியலைக் காட்டுகிற க்ரப் என்ற நிரலின் கோப்புகளும் அதோடு போய்விட, அடுத்த முறை திறந்தால் 'க்ரப் ரெஸ்க்யூ' என்று மட்டும் வந்து நிற்கும். சர்வீஸ் கடைகளுக்கு அது நல்ல வருமானம்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. கேரளத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர்களுக்கு முதலில் லினக்ஸ் பயிற்சி கொடுத்தார்கள், பாடப்புத்தகத்தில் அதையே வைத்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வையும் அதிலேயே நடத்தினார்கள். இங்கே லேப்டாப் வந்தது, உள்ளே பாஸும் வந்தது. அதைத் திறந்து காட்ட ஆள்தான் வரவில்லை.

இனி 2014. விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு ஏப்ரல் 8-ஓடு நின்றது. 2001-ல் வந்த எக்ஸ்பிதான் அப்போதும் அரசு அலுவலகங்களில் பரவலாக ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்கான திருத்தங்கள் இனி வராது, ஆகவே துறைகள் பாஸ் லினக்ஸை நிறுவிக்கொள்ள வேண்டும் என்று தமிழ்நாடு அரசு சொன்னது. அப்போது இருந்தது பாஸ் 5.0, 'அனோகா'. அரசு எடைபோட்ட விதத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செலவு, பாதுகாப்பு, மூலநிரல் நம் கையில் இருப்பது என்று மூன்றுமே சரிதான்.

ஆனால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் எடைபோட்டது வேறு. "என் பழைய ஃபைல் இதில் திறக்குமா?"

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. விண்டோஸில் தமிழ் யூனிகோட் முதலில் வந்தது விண்டோஸ் 2000-ல்தான், லதா எழுத்துருவோடு. எக்ஸ்பியிலும் இருந்தது. ஆனால் தானாக வராது. கன்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியையும் போட வேண்டும். அந்த சிடி யாரிடம் இருந்தது? அதனால் அலுவலகங்களும் டிடிபி கடைகளும் வானவில், பாமினி போன்ற பழைய ஏற்பாடுகளிலேயே இருந்துவிட்டன. இவற்றில் தமிழ் எழுத்து தமிழாகச் சேமிக்கப்படுவதில்லை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு மேலே போர்த்தியிருக்கும் வரைக்கும்தான் அது தமிழ். போர்வையை எடுத்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

2010 ஜூன் 23 அன்று, கோவைச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ்நாட்டின் தரமாக அறிவித்து அரசாணை வந்தது. ஆணை வந்த பிறகு அடித்த கோப்புக்குச் சரி. அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சேர்ந்த மனுக்கள், தீர்மானங்கள், பட்டியல்கள்? எழுத்துருவை மட்டும் நகலெடுத்துப் போட்டால் லினக்ஸிலும் அவற்றைப் படித்துவிடலாம். ஆனால் வானவில்லில் அடிக்க உதவும் மென்பொருள் விண்டோஸுக்காகச் செய்தது. பதினைந்து வருடம் ஒரு விசைப்பலகையில் பழகிய கையை ஒரு சுற்றறிக்கை மாற்றாது.

அடுத்து பிரிண்டர். தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் கடை, பள்ளி, அலுவலகம் என்று எங்கே போனாலும் கண்ணில் படுவது கேனான் எல்பிபி 2900. அது கேப்ட் என்ற தனி மொழியில் பேசும். லினக்ஸில் அதற்கென்று தனி டிரைவர் போட்டு, சில கட்டளைகளும் அடித்தாக வேண்டும். போதாததற்கு அன்று பல அரசு இணையதளங்கள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை எதிர்பார்த்தே இருந்தன. சான்றிதழ் வாங்க வந்தவர் வெளியே நிற்கும்போது மூலநிரல் சுதந்திரம் பற்றி யார் பேசுவார்கள்! பெரும்பாலான மேசைகளில் விண்டோஸே தொடர்ந்தது.

என் கணிப்பில், பாஸ் தோற்றதற்கு அந்த மென்பொருளின் தரம் பெரிய காரணம் கிடையாது. மாறுவதற்கு முன்பு செய்ய வேண்டிய கோப்பு மாற்றும் வேலையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மென்பொருள் இலவசம் என்றார்கள். அந்த வேலைக்கு ஆளும் நாளும் வேண்டும் என்பதை விலையில் சேர்க்கவில்லை.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ மேல். போன் வந்து எல்லாரையும் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டது. அரசுத் தளங்கள் பெரும்பாலும் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் திறக்கின்றன, அவை இரண்டும் லினக்ஸில் ஓடுகின்றன. விண்டோஸ் 11-ஓ, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட செயலியும் கேட்கிறது. பழைய அரசு லேப்டாப்களில் பலவும் இந்த வாசலிலேயே நின்றுவிடும். குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். அப்படி ஏற்றிய இயந்திரத்துக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. தகுதி இருந்தால் பதினொன்று இலவசம், தாராளமாகப் போடுங்கள். இல்லையென்றால் 2026 அக்டோபர் வரைக்கும் நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது, அதற்குள் முடிவெடுக்கலாம்.

லினக்ஸ் என்று முடிவு செய்தால், பென்டிரைவில் போட்டு நிறுவாமலே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, உங்கள் பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் யாராவது பாமினியிலோ வானவில்லிலோ அடித்து வைத்த கோப்பு இருந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கி, ஒரு பிரதி தனியாக எடுத்து வையுங்கள். மாற்றியதை அசலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். திருவிழா நோட்டீஸ், சங்கக் கணக்கு, குடும்ப வரலாறு என்று தியாகதுருகம் பக்கத்துக் கோப்பு ஏதாவது கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.